இருபத்து மூன்று கையெழுத்து

"இந்த இருபத்து மூணு கையெழுத்தையும் போட்டது ஒரே ஆள். அந்த ஆள் நீதான்."

ஹரிபிரசாத் படிவங்களை மேசைமேல் எறிந்த வேகத்தில் இரண்டு தரையில் விழுந்தன. மோகனப்ரியா குனிந்து எடுத்தாள். "நடிக்காதே" என்று அதற்கும் திட்டு விழுந்தது.

திருப்பதியில் திருச்சானூர் ரோட்டில், மாடியில் இருந்த அந்த மார்க்கெட் ரிசர்ச் கம்பெனிக்கு ஹரிபிரசாத் மேனேஜராக வந்து பத்து நாள்தான் ஆகிறது. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்கள் என்று வந்த அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

மோகனப்ரியா நகரியிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவள். புத்தூர்க் கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்து, இருபத்தாறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. மூன்று மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரம் என்று சொல்லும் கடிதம் ஹரிபிரசாத்தின் டிராயரில் அவன் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

புதிதாக வரப்போகிற ஒரு வலித் தைலத்துக்காக, புத்தூரில் நாற்பது பேரிடம் கேள்வி கேட்டு எழுதி வருவதுதான் கடைசி வேலை. ஒவ்வொரு படிவத்திலும் பெயர், ஊர், போன் நம்பர், கையெழுத்து இருக்க வேண்டும்.

"பதினேழு ஒழுங்கா இருக்கு. மீதியைப் பாரு. எல்லாம் பின்பக்கமா சாஞ்சு, நடுங்கி... எல்.கே.ஜி. குழந்தைகூட இதைவிட நல்லா போடும். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ்னு மாத்தி மாத்தி எழுதினா நான் ஏமாந்துடுவேனா?"

"இல்ல சார், அங்க வர்றவங்க..."

"கதை விடாதே. இந்தா பேனா. இடது கையால உன் பேரை எழுது."

எழுதினாள். எழுத்து பின்பக்கமாகச் சாய்ந்து, நடுங்கி, கோட்டைத் தாண்டி ஓடியது. படிவத்தில் இருந்த கையெழுத்துகளுக்குக் கூடப் பிறந்தது போலவே இருந்தது.

"மாட்டிக்கிட்டியா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் ஓங்கி ஓர் அறை விடத் தோன்றும்.

"யாருக்குத் தேவையோ அவங்க கூடுற இடத்துல போய் நில்லுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்படி ஒரு எடத்துலதான் ரெண்டு நாளா வெயில்ல நின்னுக்கினு இருந்தேன். கையெழுத்துப் போட அட்டையக்கூட நான்தான் புடிச்சிக்கினேன்."

"நீ எதுக்குப் பிடிக்கணும்? அவங்களுக்குக் கை இல்லையா?"

மோகனப்ரியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே கண் கலங்கியது. காலையிலிருந்து சொல்ல வந்தபோதெல்லாம் வாயை அடைத்தவனிடம், திருடி என்று தீர்மானித்தே விட்டவனிடம், இனி கெஞ்ச அவளுடைய ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நம்பர் இருக்குதில்ல, போன் பண்ணிக் கேளுங்க."

"பண்றேன். பொய்னு தெரிஞ்சா இந்த லெட்டரைக் கிழிச்சுடுவேன். திருப்பதியில இருக்கிற அத்தனை கம்பெனிக்கும் உன் பேர் போகும். இந்த லைன்லயே உனக்கு வேலை கிடைக்காது."

"நிஜம்னா?"

"நிஜம்னா இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்கிற தைரியம் அவனுக்கு.

டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான். இருபத்து மூன்றில் கைக்கு வந்த ஒரு படிவத்தை உருவினான்.

"பக்கிரிசாமி, ராமகுப்பம், விவசாயம். ராமகுப்பம் எங்கே இருக்கு, புத்தூர் எங்கே இருக்கு? அவ்வளவு தூரத்திலிருந்து உன்கிட்ட தைலத்தைப் பத்திப் பேச வந்தானா?" நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

வெகுநேரம் அடித்த பிறகு ஒரு முரட்டுக் குரல் எடுத்தது. "ஹலோ, எவரு?"

"தமிழ் தெரியுமாங்க?"

"தெரியும், சொல்லு."

"செவ்வாய்க்கிழமை புத்தூர்ல ஒரு பொண்ணு வந்து உங்ககிட்ட ஏதாவது கேட்டுச்சா?"

"ஆமா, தைலத்தப் பத்திக் கேட்டுச்சு. நல்ல பொண்ணு. குடிக்கத் தண்ணி வாங்கியாந்து மூடியத் தொறந்து குடுத்துச்சு."

ஹரிபிரசாத்தின் முகம் லேசாக மாறியது. ஆனாலும் விடவில்லை.

"கேட்டது சரி. கீழே கையெழுத்துப் போட்டது யாரு? அந்தப் பொண்ணுதானே?"

"நான்தான் போட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. பெரிய மனுஷன் போடற கையெழுத்தா இது? கோழி கிளறின மாதிரி இருக்கு!" கடிதத்தின் ஓரத்தைப் பிடித்துக் கிழிக்கவே ஆரம்பித்துவிட்டான். மோகனப்ரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் வந்த சத்தத்தில் அறை அதிர்ந்தது.

"யோவ், சோத்துக்கைய ஒடைச்சிக்கினு புத்தூருக்குக் கட்டு கட்ட வந்தவன், பீச்சாங்கையாலதான்யா போட முடியும்!"