டாக்டர் வரும் நாள்

"இப்பவே இருமித் தீத்துடாதீங்க. கேமரா வந்தப்புறம் இருமினாப் போதும்."

கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே போனார் ஏஜென்ட். விழாக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். இன்று புது ஆஸ்பத்திரித் திறப்பு விழா என்பதால் நோயாளிகளைச் சேர்த்திருந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில் தம்பி குனிந்து குனிந்து இருமினான். ஏஜென்ட் நின்று ரசித்தார். "உன் தம்பி தேறிட்டாம்மா. சினிமாவுலயே சேத்து விடலாம்."

அக்கா சிரித்து வைத்தாள்.

தம்பி கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவன். இந்தக் கூடத்துத் தரையில் குனிந்தால் முகம் தெரிகிறதே, அது அவன் கைவேலை. வேலை முடிந்தது, தூசி விழுங்கி வந்த இருமல் முடியவில்லை. இப்போது ரத்தமும் சேர்ந்து வருகிறது.

இருந்த சின்ன ஆஸ்பத்திரியை இடித்துத்தான் இதைக் கட்டினார்கள். அன்றிலிருந்து ஊரில் டாக்டர் என்று பேருக்குக்கூட ஒருவர் இல்லை. வெளியூருக்குக் கூட்டிப் போகலாமென்று பஸ் ஏற்றினால் பாதி வழியிலேயே மூச்சுத் திணறி இறங்கிவிட்டான். விழாவுக்கு டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா ஏஜென்ட் வீட்டு வாசலில் போய் நின்றாள். "என் தம்பி நோயாளி மாதிரி நல்லா நடிப்பான்" என்று சொல்லித்தான் இந்தக் கட்டிலை வாங்கினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் படுத்திருந்தார். எந்தத் திறப்பு விழாவையும் விட்டதில்லையாம்.

"போன ஊர்ல இதே கட்டில்ல நான் கால் ஒடைஞ்சவன். இங்க வெறும் காய்ச்சல். நமக்குப் பதவி எறங்கிக்கிட்டே வருது" என்றார்.

"இதே கட்டிலா?"

"ஆமா. கட்டில் ஒண்ணுதாம்மா, ஊருதான் மாறுது. விழா முடிஞ்சதும் லாரி வந்துடும்." கண்டக்டர் கொட்டாவி விட்டார். "வாசல்ல நீரூத்து பாத்தியா? கலர் லைட்டு வேற. உள்ள குழாயத் தெறந்தா காத்துதான் வருது. அங்குசத்தைத் தங்கத்துல செஞ்சுட்டாங்க, யானையத்தான் காணோம்."

"எல்லாம் நம்ம காசுதானே அண்ணே."

"அதைக் கேக்குற தெம்பு இருந்தா நான் ஏன் இங்க வந்து படுக்குறேன்?"

தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். "போயிடலாம்க்கா. ஏமாத்துற மாதிரி இருக்கு."

"இந்தக் கூடத்துலயே நிஜ நோயாளி நீ ஒருத்தன்தான்டா. பேசாம படு."

வெளியே மேளம் மாதிரிக் கைதட்டல் எழுந்தது. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் குழாயுமாக டாக்டர் அவசரமாக உள்ளே வந்தார்.

"எங்கய்யா போனீங்க? எவ்வளவு நேரமாத் தேடுறது?" என்று ஏஜென்ட் அவர்மேல் எரிந்து விழுந்தார். அக்காவுக்குச் சுருக்கென்றது. படித்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது?

மந்திரி வந்தார். பின்னாலேயே கேமராக்கள். எல்லாக் கட்டிலும் ஒரே நேரத்தில் இருமியது.

தம்பியின் நெஞ்சில் டாக்டர் குழாயை வைத்தார். படம் எடுத்து முடிக்கும்வரை எடுக்கவில்லை. மூச்சை இழு என்றோ விடு என்றோ சொல்லவில்லை, என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பெரிய டாக்டர்கள் எங்கே கேட்கப் போகிறார்கள், பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"எப்படி இருக்கார்?" என்றார் மந்திரி.

"நல்லா கவனிச்சுக்கிறோம் ஐயா. சரியாயிடும்."

அந்த 'சரியாயிடும்' அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது. மந்திரி தம்பியின் தோளைத் தட்டிவிட்டு, சுவரில் பதித்திருந்த தன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கார்கள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் லாரி வந்து நின்றது. "எந்திரிங்க, எந்திரிங்க" என்று ஆட்கள் மெத்தைகளைச் சுருட்டத் தொடங்கினார்கள். தம்பி எழுந்து சுவரோரம் போய், வெறுந்தரையில் சரிந்து உட்கார்ந்தான். இருமல் இப்போது நிற்பதாக இல்லை.

"அண்ணே, இவனைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு அக்கா ஓடினாள்.

கட்டடத்தின் பின்பக்கப் படியில் டாக்டர் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. மத்தவங்க மாதிரி இல்லைங்க, என் தம்பிக்கு நிஜமாவே முடியல. துப்பினா ரத்தமா வருது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நெஞ்சுல வெச்சுப் பாத்தீங்களே, என்ன தெரிஞ்சுதுங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, தாங்கிக்கிறேன்."

அவர் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் வருதுக்கா" என்றார். "கண்ணாடி போட்டிருக்கேன்னு கோட்டை எனக்கு மாட்டி விட்டுட்டாங்க. நானும் டாக்டரைப் பாக்கலாம்னுதான் வந்தேன்."