தொழிலாளர் தரப்பு மனு

"என் பேரு தரணி. வயசு இருபத்திமூணு. ஊரு சத்தியவேடு பக்கம். இப்ப சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரில வேல செஞ்சிக்கினு இருக்கறேன். கூலில புடிக்கற தொழில் வரி எங்களுக்கு பாரமே இல்ல. அத்த ரத்து பண்ண வேணாம்."

தரணி பேசப் பேச, செல்போன் எழுத்தாக்கிக்கொண்டே போனது. வீட்டுக்கு அனுப்பும் சேதிகளையும் அவன் இப்படித்தான் அடிப்பான். இன்றைக்குக் குரல் நடுங்கியது.

எதிரில் முதலாளி ஹரிபாபு. முன்பே எச்சரித்திருந்தார்: "நான் சொன்னது ஒரு வார்த்த உடாம வரணும். தொழிலாளி எழுதின மாதிரி தமிழ்லயே இருக்கட்டும்."

தொழில் வரியை ரத்து செய்யலாமா என்று நாளை திருப்பதியில் வரிச் சீர்திருத்தக் குழு கருத்துக் கேட்கிறது. தொழிலாளர்கள் தங்களுக்காகப் பேசத் தேர்ந்தெடுத்தவர் பச்சையப்பன். பிடித்த வரிக்கு ரசீது கேட்டதற்காகப் போன மாதம் அவரை விரட்டிவிட்டார் ஹரிபாபு. அவர் இடத்தில் இப்போது தரணி.

"போதும்ரா, அந்த செல்போன நிறுத்து."

தரணி தலையை மட்டும் ஆட்டினான்.

"வரின்னு சொல்லி ஆளுக்கு மாசம் நூத்தைம்பது புடிக்கறேனே, ஒரு பைசா கட்டினதில்ல. வரிய ரத்து பண்ணிட்டா எனக்குத்தான நஷ்டம்!" ஹரிபாபு சிரித்தார். "அந்த பச்சையப்பன் மாதிரி வால ஆட்டின, நீயும் கேட்டுக்கு வெளியதான்."

"சரிங்க சார்."

மறுநாள் காலையில், அச்செடுத்த தாள்களை ஹரிபாபு புரட்டினார். அவருக்குத் தெலுங்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.

"ஏமிரா, நாலு வரிக்கு ரெண்டு பக்கமா?"

"பெரிய எழுத்தா போட்டேன் சார். படிக்க ஈஸியா இருக்கும்."

திருப்பதி மண்டப வாசலில், ஹரிபாபுவோடு வந்த தரணியைப் பச்சையப்பன் மறித்தார். "ஒரே தட்டுல துன்னவன்டா நீ. எங்கள வித்துட்டியே!"

தரணி குனிந்தபடி உள்ளே போனான்.

குழுவில் தமிழ் தெரிந்த அதிகாரி ஸ்ரீதேவி மனுவை மைக்கில் படித்தார். "...எங்களுக்கு பாரமே இல்ல." முன்வரிசையில் ஹரிபாபு கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பக்கத்தைத் திருப்பிய ஸ்ரீதேவி சட்டென்று நிறுத்தினார். கண்கள் தாளில் வேகமாக ஓடின.

"தம்பி, இது யார் பேசினது?"

தரணியின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

"எங்க ஓனருங்க மேடம். ஒரு வார்த்த உடக்கூடாதுன்னாரு. நீங்களும் உடாம படிங்க."