கைதட்டல் ஓயும்வரை

எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

மேடையில் இசை நடத்துநர் இன்னொரு முறை குனிந்து வணங்கினார். தனக்குத்தான் என்று நினைத்திருப்பார்.

தாமதமாக வருகிறவர்களைக் கைதட்டும்போது மட்டும்தான் உள்ளே விடுவார்களாம். வாசிக்கத் தொடங்கிவிட்டால் கதவைச் சாத்திவிடுவோம் என்று வாசலில் நிற்கும் பெண் கறாராகச் சொல்லியிருந்தாள்.

குடையோடு ஒருவர் வந்தார். ஒரு ஜோடி வந்தது. என் மகன் வரவில்லை.

பக்கத்து இருக்கையில் என் கைப்பையை வைத்திருந்தேன். அவனுடைய இடம். அவனுடைய வீடியோ கேம் பெட்டியை நான் தரையில் போட்டு உடைத்த அன்றைக்கு வீட்டைவிட்டுப் போனவன். ஒன்றரை வருஷமாக என் போனை எடுக்கவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் அவனைப் பார்க்க எனக்கு வேறு வழி கிடையாது.

மறுபடி வாசித்தார்கள். எண்பது பேர். அவன் விளையாடிய அதே வீடியோ கேமின் இசை; திரையிலும் அதே விளையாட்டு. வாளோடு ஒருவன் மலை ஏறிக்கொண்டிருந்தான்.

சீக்கிரம் ஏறித் தொலையேண்டா என்று மனசுக்குள் திட்டினேன்.

முடிந்ததும் உள்ளங்கை எரியத் தட்டினேன். இந்தப் பக்கம் இருந்த கல்லூரிப் பெண் சிரித்தாள்.

"ஆன்ட்டி, நீங்க எந்த லெவல்ல இருக்கீங்க?"

"நாப்பத்திமூணு," என்றேன், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆன்ட்டி செம ஜோக் அடிக்கிறாங்க என்று தோழியிடம் சொன்னாள்.

இனி ஒரே ஓர் உருப்படிதான் பாக்கி. அரங்கம் அடங்கியது. வாசல் பெண் என்னையே பார்த்துக்கொண்டு கதவில் கை வைத்தாள். நான் தட்டினேன். முன்வரிசையில் தலைகள் திரும்பின. வெட்கமாவது, மானமாவது. தட்டினேன்.

விளக்கு அணைந்த சமயத்தில் கதவிடுக்கில் ஓர் உருவம் நுழைந்தது.

இளைத்திருந்தான்.

போன் வெளிச்சத்தில் இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டு வந்தான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தான். திரையைப் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்தான்.

"ஸாரிடா தாடி, பஸ் லேட்டாயிடுச்சு. கோச்சுக்காத."

தாடி. ஏழு மாதமாக அந்த விளையாட்டில் எனக்கு அதுதான் பெயர். அவனோடு தோள்சேர்ந்து சண்டை போடுகிற கூட்டாளி. இன்றைக்கு அவனுக்கு டிக்கெட் அனுப்பிவைத்தவனும் தாடிதான். எழுதித்தான் பேசுவான், ஒரு நாளும் குரல் காட்டியதில்லை.

வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். இருட்டில் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுபடி விளக்குப் போடும்வரை இருக்கிற கடைசி உருப்படி பன்னிரண்டு நிமிடம் என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது.