சும்மா விட வேண்டிய பாத்தி

"பாத்தீங்களா மேடம்? போன்ல சொன்னப்ப நம்பலையே நீங்க!"

அண்ணன்காரர் கைகாட்டிய இடத்தில் சணப்பு பச்சைப் பசேலென்று நின்றது. அது நிற்கவே கூடாத இடம்.

தம்பியின் மேட்டு நிலத்தில் இரண்டு பாத்தி. ஒன்றில் மட்டும் மண்ணைக் காக்கும் மூடுபயிராகச் சணப்பு. பக்கத்துப் பாத்தி வெறுமனே கிடக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. இப்போது எதை எதோடு ஒப்பிடுவது?

விஞ்ஞானி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற விவசாயிகள் எல்லாரும் ஏற்கெனவே கழன்றுகொண்டாயிற்று. மிச்சம் இந்த ஒரு நிலம்தான். இதுவும் போனால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"நீங்கதான் விதைச்சீங்களா?"

"தானா முளைச்சிருக்கும் மேடம்" என்றார் தம்பி.

"வரிசையாவா?"

தம்பி தலையைச் சொறிந்தார்.

"புளுகுறதைப் பாருங்க! சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான். இவன்கூடப் பேச்சையே விட்டுட்டேன் நான்!"

பேச்சை விட்டவராம்! வந்ததிலிருந்து மனிதர் வாயை மூடவில்லை.

"சரி, பிடுங்கிடலாம்" என்றாள் விஞ்ஞானி. "இன்னும் மழை வரலை. மறுபடி வெறும் மண்ணா விட்டா, கொஞ்சமாவது தேறும்."

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

தம்பி சரிவுக்குக் கீழே பார்த்தார்.

"அவனை என்ன கேட்கிறது? நான் பிடுங்கித் தர்றேன்!"

அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு செடியைப் பிடுங்கியும் போட்டார். தம்பி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"மேடம், அவரை வெளியே போகச் சொல்லுங்க."

"திமிரைப் பாத்தீங்களா? இவனைப் போய்க் கூட்டுச் சேத்தீங்களே, உங்களைச் சொல்லணும்!"

அண்ணன் புலம்பிக்கொண்டே சரிவில் இறங்கிப் போனார்.

"இப்பவாவது சொல்லுங்க" என்றாள் விஞ்ஞானி. "என் வேலையே போகப்போகுது."

தம்பி குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சிடுங்க மேடம். போன மழைக்கு இந்த வெறும் மண்ணு கரைஞ்சு ஓடி, கீழே நட்டிருந்த கத்திரி நாத்தை அப்படியே மூடிடுச்சு. இப்ப திரும்ப நட்டிருக்கு. இன்னொரு தடவை போனா அந்தக் குடும்பமே உக்காந்துடும்."

விஞ்ஞானி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மண்ணு எவ்வளவு கரையுதுன்னு கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பாடும்? அதையே எழுதலாமே! முதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா, யாரோட நாத்துன்னு கேப்பீங்களே."

"ஆமா, யாரோடது?"

"எங்க அண்ணனோடதுதான் மேடம். தன்னோட வரப்பு உடைஞ்சுதான் மண்ணு வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. அவருக்காகத்தான் விதைச்சேன்னு தெரிஞ்சா, அப்புறம் என்னைத் திட்ட அவருக்கு வாய் வராது. பாவம், மனுஷன் தவிச்சுப் போயிடுவாரு!"