அதிபர் ஐயாவின் வருத்தம்

"இஞ்சை வா, என்ரை நாடியை ஒருக்காப் பிடிச்சுப் பார். ஒண்டை விட்டு ஒண்டு துள்ளுது."

நாகேஸ்வரி அடுப்பை ஊதியபடி, திரும்பாமலே சொன்னாள். "காலமையும் பிடிச்சுப் பாத்தனான். அது துள்ளேல்லை. நீங்கள்தான் துள்ளுறியள்."

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் மயில்வாகனம் சாய்மனைக் கதிரையில் இன்னும் சாய்ந்தார். உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது நெல்லு மூட்டைகளை விட்டுவிட்டு இந்தக் கதிரையைத்தான் டிராக்டரில் ஏற்றுவித்தார். தரப்பாள் கூரையின் கீழும் அது சிம்மாசனமாகவே இருந்தது.

தொண்டைக்குள் ஏதோ உருண்டை. நெஞ்சுக்குள் எரிவு. சின்னி விரலில் விறைப்பு. என்ன வருத்தம், என்ன நோய் என்று வன்னிக்குள் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் வவுனியாவில் தொண்டைக்குள் குழாய் விட்டுச் சதைத் துண்டொன்றைக் கிள்ளிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மாதம் ஒன்றாகியும் முடிவு வரவில்லை.

தம் சதை மட்டும் பயணப் பாஸ் இல்லாமல் கொழும்புக்குப் போனதை அதிபர் ஒரு சாதனையாகச் சொல்லித் திரிந்தார். கிபிர் விமானம் இரைந்தாலும் பங்கருக்குள் இறங்க மாட்டார். "எனக்குள்ளை இருக்கிறதை விடவோ அவன் பெரிய குண்டு போடப்போறான்?" என்பார். விளக்கை அணைத்த பிறகுதான் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வார். விடியும்வரை விடமாட்டார்.

வாசல் படலையில் செருமல் கேட்டது. பக்கத்துக் கொட்டில் சிவலட்சுமி. கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்து, வன்னியில் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பம். அதிபர் வவுனியாவில் நின்ற கிழமைதான் தன் ஒரே மகளைப் புதைத்திருந்தாள். செத்தவீட்டுக்குப் போகமுடியாததால் அதிபர் திரும்பி வந்ததும் முறைப்படி அனுதாபம் தெரிவித்திருந்தார்.

"ஐயா, முடிவு வந்துருச்சுங்களா?"

"இல்லைப் பிள்ளை. பெரிய பெரிய டொக்டர்மார் கூடி இருந்து ஆராயினம் போல."

"பெரிய வருத்தந்தானுங்களே ஐயா?"

"பின்னை? சின்ன வருத்தம் மயில்வாகனத்திட்டை வருமோ? நல்லகாலம் அண்டைக்கு வவுனியாவுக்குப் போனது. வாகனத்திலை இடமில்லை எண்டாங்கள். நான் ஆர் எண்டு சொன்னன். இடம் வந்தது. முன்னுக்கு ஏறி இருந்தன். பின்னுக்குத் திரும்பியும் பாக்கேல்லை."

"தெரியுங்க ஐயா," என்றாள் சிவலட்சுமி.

தம் புகழ் கொட்டில் கொட்டிலாகப் பரவியிருப்பதில் அதிபருக்குத் திருப்தி. அவள் வாளியை எடுத்துக்கொண்டு, நாகேஸ்வரிக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனாள்.

"பாத்தியோ?" என்றார் அதிபர் குரலைத் தாழ்த்தி. "சொந்தக்காரர் ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. பிள்ளையைப் பறிகுடுத்த மனுசி, தன்ரை துக்கத்தை ஒரு பக்கம் வைச்சிட்டு ஒவ்வொரு நாளும் வந்து என்ரை வருத்தத்தை விசாரிக்குது. இதுக்குப் பேர்தான் மரியாதை."

"அவளின்ரை பிள்ளைக்கு என்ன வருத்தமெண்டு நீங்கள் விசாரிச்சனீங்களோ?"

"ஏதோ காய்ச்சலாக்கும்."

நாகேஸ்வரி விறகைக் கொஞ்சம் பலமாகத் தள்ளினாள்.

அந்நேரம் படலையில் சைக்கிள் மணி அடித்தது. சுதாகரன். அதிபரிடம் படித்தவன். வவுனியாவுக்குப் போகும் வாகனத்தில் நோயாளரை ஏற்றிவிடுவது ஆஸ்பத்திரியில் அவனுடைய வேலை. அதிபருக்கு இடம் எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"சேர், முடிவு வந்திட்டுது."

துள்ளாத நாடி இப்போது உண்மையாகவே துள்ளியது. நாகேஸ்வரி சாம்பல் கையோடு ஓடிவந்து கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு தம்பி. நான் தாங்குவன்," என்றார் அதிபர். குரல் தாங்கவில்லை. "புற்றுநோய்தானே?"

"இல்லை சேர்."

"அப்ப கசநோயோ?"

"ஒண்டுமே இல்லை சேர். வயித்துப் புளிப்பு மேலை ஏறுதாம். உறைப்பைக் குறைச்சு, இந்தக் குளிசையைப் போடட்டாம்."

"வெறும் புளியேப்பம்!" என்றாள் நாகேஸ்வரி. சொன்ன வாயோடு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அதிபருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சின்ன மானக்கேடும் வந்தது. "கொழும்பிலை வடிவாப் பாத்தவங்களோ?"

"வடிவாப் பாத்திருக்கினம் சேர்." கிணற்றடிப் பக்கம் திரும்பிய சுதாகரன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். தேத்தண்ணிக்கும் நிற்காமல் சைக்கிளைத் திருப்பினான்.

சிவலட்சுமி வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தாள். கதிரைக்கு முன்னால் மண்ணில் குந்தியிருந்து, தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அதிபர் நெகிழ்ந்து போனார். தமக்காக இப்படி அழவும் ஒரு சீவன் இருக்கிறதே! "எழும்பு பிள்ளை. ஏன் அழுகிறாய்? அதுதான் எனக்கு ஒண்டுமில்லையெண்டு சொல்லிப்போட்டாங்களே."

"ஒண்ணுமே இல்லீங்களா ஐயா? இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க. ஏதாச்சும் இருக்கும்," என்று அவள் கெஞ்சினாள். "அன்னைக்கி ஒங்கள ஏத்துறதுக்கு வண்டியில இருந்து எறக்கிவிட்டது எம்புள்ளயத்தானுங்க. அவள விட ஐயாவுக்குத்தான் பெரிய வருத்தம்னு சொன்னாங்க. அத நம்பித்தானுங்களே நானும் புள்ளயத் தூக்கிக்கிட்டு எறங்குனேன்!"