மழுங்காத அலை

"அலைண்டு சொல்றீங்க, என்ன அலை மிஸ்? வோக்கி டோக்கி அலையாண்டு சேர் கேக்கிறார்."

இன்ஸ்பெக்டரின் சிங்களக் கேள்வியைச் சார்ஜன்ட் அஸீம் தமிழில் கேட்டார்.

கண்டியில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகையில் குண்டு வெடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. கம்பளையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸை மறித்து, மங்களேஸ்வரியையும் அவள் அப்பா நவரட்ணராஜாவையும் இறக்கிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். பையில் கட்டுக்கட்டாக எண்கள் அச்சடித்த தாள்கள். பல்கலைக்கழகத்தில் வேலை என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பிளாஸ்மாவில ஓடுற அலை," என்றாள். "சூரியனில இருக்கிற மாதிரிக் கொதிக்கிற வாயு. அதுக்குள்ள அலை எப்பிடிப் போகும் எண்டு கொம்பியூட்டரில கணக்குப் பாக்கிறது. வழமையான முறையில அலை கொஞ்சத் தூரத்திலயே மழுங்கிப்போகும். இந்த உயர்வரிசை முறையில வடிவம் கெடாமல் கடைசி மட்டும் போகும்."

அஸீம் அதைச் சிங்களத்தில் சொல்ல, இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"சும்மா கிறுக்கினதுண்டு ஒத்துக்கிட்டு இதைக் கிழிச்சுப் போடட்டாம். இப்பவே போகலாமாம்," என்றார் அஸீம்.

நவரட்ணராஜா மகளின் கையைப் பிடித்தார். இளைப்பாறிய தபாலதிபர். விசாரணைக்கென்று போன எத்தனையோ பிள்ளைகள் வீடு திரும்பாததை அறிந்தவர்.

"கிழி பிள்ளை. வெறும் கணக்குத்தானே. உயிரோட வீட்டை போவம்."

"மூண்டு வருச உழைப்பு அப்பா. கிறுக்கல் எண்டு என்ரை வாயால சொல்லமாட்டன்."

 அவள் தலை குனியவில்லை.

அஸீம் அதையும் சொல்ல, இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. "கெம்பஸுக்கு டெலிபோன் எடு. இவள் பெயரைச் சொல்லாதே. இந்தக் கணக்கு விளங்கிய ஆள் யாரென்று மட்டும் கேள். அந்த ஆள் வந்து பார்க்கட்டும். பொய் என்றால் இன்றைக்கே இவளை விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்புகிறேன்!"

அஸீம் கணிதப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்தார். முதல் தாளின் தலைப்பை வாசித்துக் காட்டினார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். நவரட்ணராஜாவின் உதடுகள் முருகனைக் கூப்பிட்டன.

"நாட்டிலேயே ஒரே ஒருவர்தானாம் சேர். இந்த முறையைக் கண்டுபிடித்ததே அவர்தானாம். ஜப்பானிலிருந்துகூட அவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்களாம்."

"அப்படிப்பட்ட ஆளா?" இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஜீப்பை அனுப்பு. மரியாதையாகக் கூட்டி வா."

அஸீம் வாசல் பக்கம் போகவில்லை. மங்களேஸ்வரியின் முன்னால் வந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"ஜீப் தேவையில்லை சேர். பேராசிரியர் சொன்ன பெயர், கலாநிதி மங்களேஸ்வரி நவரட்ணராஜா."