கிரீ மொழியில் ஒரு வரி

"சித்தி பல்லு செட்ட மாட்டிக்கட்டும். அதுவரைக்கும் ஏரிய படம் எடு. அது எங்கயும் ஓடிடாது."

கேமராக்காரரை வாசலிலேயே நிறுத்தினாள் ரோஸலின்.

சித்தி விர்ஜினிக்குக் காலையில் பார்த்த முகம் மதியம் நினைவிருக்காது. கனடாவின் பழங்குடி மொழியான கிரீ தவிர மற்ற பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

படம், விர்ஜினியின் மகள் டார்லாவைப் பற்றியது. கறுப்புத் துணியில் மணிமணியாகப் புள்ளி வைத்து, தன் இனத்தார் பாசிமணியில் தைக்கும் பூக்களை வரைகிற ஓவியர். மூன்று வயதில் அவளை அரசாங்க ஆட்கள் தாயிடமிருந்து பறித்துக் காரில் ஏற்றிப் போய், தெற்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தான் கிரீ இனம் என்பதே நாற்பது வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

வரைய வந்துவிட்டது. மொழி வரவில்லை.

டார்லா உள்ளே வந்தாள். நல்ல கம்பளிக் கோட்டு. பின்னால் கேமரா.

விர்ஜினி கட்டிலில் உட்கார்ந்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தாள். ரோஸலினின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு ஒரு வரி சொன்னாள்.

"அம்மா என்ன சொன்னாங்கக்கா?"

ரோஸலின் ஒருமுறை கேமராவைப் பார்த்தாள்.

"என் குழந்தை வந்துட்டாங்கிறாங்க."

டார்லாவின் முகம் மலர்ந்ததைக் கேமரா எடுத்துக்கொண்டது.

அம்மா சொன்ன அதே வார்த்தைகளை அம்மாவிடமே சொல்ல வேண்டும் என்றாள் டார்லா. விர்ஜினியின் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் அந்த வரி பதிவாகியிருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டு முணுமுணுத்தாள்.

"இப்ப வேண்டாம் டார்லா" என்றாள் ரோஸலின்.

ஏன் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டார்லா அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

விர்ஜினி விருட்டென்று எழுந்தாள். எழவே முடியாதவள். கட்டிலுக்கு முதுகு கொடுத்து நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

டார்லா வாய்விட்டு அழுதபடி அந்தக் கைகளுக்குள் போய் விழுந்தாள். கேமரா நெருங்கிப் போனது. ஒலிப்பதிவுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விரித்த கைகள் மடங்கவே இல்லை.

ரோஸலின் மட்டும் சுவரைப் பார்த்து நின்றாள். சித்தி சொன்னது இதுதான்:

"குழந்தைய கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன். இந்தப் பொம்பளகிட்ட சொல்லிடாத."